மறுமொழி: ‘நான்-ஓவன்’ – ‘நெய்யாத் துணி’ வேண்டாம், ‘பிணையல்’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

நூல் நூற்காமல், தறியில் நெய்யாமல், நார்களையே நேராக ஒட்டியோ சிக்கவைத்தோ செய்யும் விரிப்புக்கு ஆங்கிலத்தில் ‘நான்-ஓவன்’ என்று பெயர். அதற்குப் பாடநூலில் என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்று அக்கா நம் குழுவில் கேட்டிருந்தார். இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். ஜவுளித் தொழில்நுட்பப் பாடத்தின் அந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே நிற்பதால், கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ‘நெய்யாத் துணி’ என்பதில் ‘நெய்யாத’ என்பதும் பொருந்தவில்லை, ‘துணி’ என்பதும் பொருந்தவில்லை.

‘நெய்யாத’ என்பதை முதலில் பார்ப்போம். உலகமே எதிர்மறையாகத்தான் பெயர் வைத்திருக்கிறது என்று திருப்பூர்த் தம்பி எழுதியிருந்தார். பிரெஞ்சு, ஸ்பானியம், ஜப்பானியம் மூன்றிலும் அப்படித்தான், உண்மை. ஆனால் ஜெர்மனில் அப்படி இல்லை. ஆட்டின் உடம்பில் ஒட்டியிருக்கும் கம்பளிப் போர்வைக்கு உள்ள ‘ஃப்லீஸ்’ என்ற சொல்லையே எடுத்து, இந்தப் பொருளுக்கு நேர்ப்பெயர் வைத்துவிட்டார்கள். அதுவும் போகட்டும், தம்பியின் ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். பனியன் துணியைத் தறியில் யாரும் நெய்வதில்லை, பின்னுகிறார்கள். அப்படியானால் அதுவும் ‘நெய்யாத் துணி’தானே? இந்தத் துறைக்கான பன்னாட்டுத் தர வரையறை ஐஎஸ்ஓ 9092. 2019 திருத்தத்தின்படி அது நெசவு, பின்னல், காகிதம் செய்தல் மூன்றையும் விலக்கிவிட்டுத்தான் இந்தப் பொருளை வரையறுக்கிறது. நாம் அதில் ஒன்றை மட்டும் மறுத்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால், தேர்வில் மாணவர் தடுமாறத்தான் செய்வார்.

அடுத்தது ‘துணி’. எனக்கு இதில்தான் அதிக மனக்குறை. எங்கள் மதுரையில் விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் கடைகளில் சாமான் வாங்கினால், பச்சையிலோ சிவப்பிலோ ஒரு பையில் போட்டுத் தருகிறார்கள். ‘பிளாஸ்டிக் இல்லீங்க, துணிப்பைதான்’ என்று நம்பிக்கையோடு சொல்கிறார்கள். வாங்குகிறவரும் நம்புகிறார். தொட்டால் துணி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பை முழுக்க முழுக்க பாலிபுரோப்பிலீன். பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போகிற அதே மூலப்பொருள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பொருள்களின் பட்டியலில் நான்-ஓவன் தூக்குப் பைகளும் இருந்தன. மத்திய அரசின் விதியும் இவற்றைப் பிளாஸ்டிக் பைகளாகவே கொண்டு, 2021 செப்டம்பர் 30 முதல் 60 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) குறையக் கூடாது என்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. பருத்தி மஞ்சப்பையும் இதுவும் ‘துணிப்பை’ என்ற ஒரே பெயரில் ஒரே கடையில் தொங்கினால், மக்களைக் குறை சொல்லி என்ன பயன்? பாடநூலில் நாம் ‘துணி’ என்று எழுதிவைத்தால் அந்தக் குழப்பத்துக்கு நாமே முத்திரை குத்தியது போலாகும்.

இந்தப் பொருளை இதுவரை உற்றுப் பார்க்காதவர்கள் தயவுசெய்து இன்றைக்கே ஒரு பையை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரியும். அது வெறும் அலங்காரம் இல்லை, பொருளின் உயிரே அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. புள்ளிக்குள் நார்கள் உருகி ஒன்றாகிக் கண்ணாடித் தகடு போல மினுங்கும். புள்ளிக்கு வெளியே அதே நார்கள் திசையில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். ஓரத்தைக் கத்தரித்துவிட்டு நகத்தால் நிமிண்டுங்கள். ஒரு சுங்குடிச் சேலையின் வெட்டிய ஓரத்தில் ஊடை, அதாவது குறுக்கு நூல், தனியாகக் கையோடு வருமே, அப்படி இதில் எதுவும் வராது. நீளவாட்டில் ஓடும் பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது, பிரிவதற்கு நூலே கிடையாது.

அந்தப் புள்ளி எப்படி வருகிறது? பாலிபுரோப்பிலீன் குருணையை, வேண்டிய நிறத்துக்கு மாஸ்டர்பேட்ச் என்ற நிறக் குருணை கலந்து, எக்ஸ்ட்ரூடர் என்ற உருக்கித் தள்ளும் இயந்திரத்தில் உருக்குகிறார்கள். உருகியதை நுண்துளைகள் நிறைந்த தட்டு வழியாகத் தள்ளினால் ஆயிரக்கணக்கான இழைகளாக இறங்கும். குளிர்ந்த காற்று அவற்றை இறுகச் செய்து, இழுத்து மெலிதாக்குகிறது. கீழே ஒரு வலைப் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அடியிலிருந்து காற்றை உறிஞ்சுவதால் இழைகள் அதன்மேல் கலைந்து படிகின்றன. இந்தக் கட்டத்தில் அது வெறும் படுகை, கையில் அள்ளினால் கலைந்துவிடும். அதன்பிறகு ‘காலண்டர்’ எனப்படும் இரண்டு சூடான உருளைகளுக்கு நடுவே நுழைகிறது. ஓர் உருளையில் புள்ளிப்புள்ளியாக மேடு இருக்கும். மேடு அழுத்துகிற இடத்தில் மட்டும் நார்கள் ஒட்டிக்கொள்ளும். மொத்தப் பரப்பில் அப்படி ஒட்டுகிற இடம் பெரும்பாலும் கால் பங்குக்கும் குறைவு. முழுதாக உருக்கிவிட்டால் மொடமொடப்பான தகடாகிவிடும், உருக்காமல் விட்டால் பஞ்சாகவே நிற்கும். பாலிபுரோப்பிலீன் 160 டிகிரியைத் தாண்டித்தான் உருகும், உருளையை அதற்குச் சற்றுக் கீழே வைத்து, மீதியை அழுத்தத்தில் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆக, நெசவாளி தறியில் செய்யும் வேலையை இங்கே பிணைப்புதான் செய்கிறது. பெயரும் அதிலிருந்துதான் வரவேண்டும்.

இப்போது நம் குழுவில் வந்த சொற்கள். ‘ஒட்டுத்துணி’ கூடாது. ‘உடம்பில் ஒட்டுத்துணி இல்லை’ என்று வழக்கில் வேறு பொருளில் ஊறிப்போன சொல் அது. ‘இழைத்துணி’ இதைவிடச் சிக்கல். செல்லூர்த் தறிக்காரரிடம் இழை என்றால் பாவில் ஓடும் ஒற்றை நூல். ‘இழை அறுந்துபோச்சு’ என்பார். நூலே இல்லாத பொருளுக்கு அந்தச் சொல்லை எப்படி வைப்பது? தமிழாசிரியர் ஐயா ‘பனுவல்’ என்றார். அழகான சொல். நன்னூல் பாயிரத்தில் பஞ்சு சொல்லாகவும், பனுவல் இழையாகவும், புலவன் நூற்கும் பெண்ணாகவும் வருகிற உவமை எனக்கும் மிகப் பிடிக்கும். ஆனால் அது நூற்பைப் பற்றியது. பஞ்சிலிருந்து நூற்காமலே நேராகத் தாவிவிடுவதுதான் இந்தத் தொழிலின் சிறப்பு. அதற்கு மேல், இன்றைக்குப் பனுவல் என்றால் எல்லோருக்கும் இலக்கியப் பிரதிதான். ‘சடைத்துணி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைத் தூக்கி எறிய வேண்டாம், கம்பளி மயிரை அழுத்திச் செய்யும் ஃபெல்ட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். கம்பளி மயிரின் செதில்கள் சூட்டிலும் ஈரத்திலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது நிஜமாகவே சடை பிடிப்பதுதான்.

‘பிணைநார்’ எனக்கே முதலில் பிடித்திருந்த சொல். வினைத்தொகை, பிணைந்த பிணைகின்ற பிணையும் நார். ஆனால் மூட்டு எலும்புகளைக் கட்டும் நாருக்கு அதை வைத்திருப்பதாக மருத்துவக் கலைச்சொல் பார்க்கும் நண்பர் சொன்னது நியாயம். ஒரே சொல்லை இரண்டு துறைக்குத் தரக் கூடாது என்று சட்டம் இல்லை. இருந்தாலும் இந்தப் பொருளில் செய்கிற கட்டுத்துணியும் முகக்கவசமும் மருத்துவமனைப் பொருள்கள். ஒரே பக்கத்தில் இரண்டு ‘பிணைநார்’ வந்து நின்றால் வேண்டாத தொல்லை.

ஆகவே என் பரிந்துரை: பிணையல். தேவைப்படும்போது ‘நார்ப்பிணையல்’.

நெசவு, பின்னல், பிணையல். மூன்றும் வரிசையாக நிற்பதைப் பாருங்கள். பின்னல் என்ற சொல்லைத் திருப்பூர் ஏற்கெனவே நாடெங்கும் நிலைநிறுத்திவிட்டது, அதற்குப் பக்கத்தில் பிணையல் உட்கார்ந்தால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். எதனால் ஆனது என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: பருத்திப் பிணையல், தென்னைநார்ப் பிணையல், பாலிபுரோப்பிலீன் பிணையல். கடைக்காரரும் அப்போது ‘துணி’ என்று சொல்ல மாட்டார். களத்தில் மாடுகளைப் பிணையல் கட்டி ஓட்டுவதை உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். தனித்தனியாக நிற்பவற்றைச் சேர்த்து ஒன்றாக வேலை வாங்குவது என்ற அதே கருத்துத்தான், ஆகவே மோதல் இல்லை.

‘பிணைப்பு’ என்றே விடலாமே என்று கோவை ஐயா கேட்டார். ஐயா, அங்கேதான் ஆபத்து. வேதியியல் பாடத்தில் அணுக்களுக்கு இடையே இருப்பது வேதிப்பிணைப்பு. நம் அத்தியாயத்தில் பசை தெளித்து நார்களைச் சேர்க்கும் முறைக்கும் ‘வேதிப்பிணைப்பு’ என்று பெயர் வைத்தால், பிளஸ் டூ முடித்து வரும் பிள்ளை அக்ரிலிக் பசையில் சகப்பிணைப்பைத் தேட ஆரம்பித்துவிடும். அதைப் ‘பசைப்பிணையல்’ என்றால் தீர்ந்தது.

மற்ற முறைகளும் இதே வழியில் வந்துவிடுகின்றன. சூடான உருளையில் செய்வது வெப்பப்பிணையல். முள்வெட்டு உள்ள ஊசிகள் ஆயிரக்கணக்கில் மேலும் கீழும் குத்தி, மேல் நாரை அடிவரைக்கும் இழுத்துச் செல்வது ஊசிப்பிணையல். சிங்கம்புணரிப் பக்கம் கிடைக்கிற தென்னை நாரை மெத்தைக்கும் மண் அரிப்பைத் தடுக்கும் விரிப்புக்கும் இந்த முறையிலும் பயன்படுத்துகிறார்கள். நுண்ணிய நீர்த்தாரைகளை மிகுந்த அழுத்தத்தில் பாய்ச்சி நார்களைச் சிக்கவைப்பது நீர்ப்பிணையல், ஈரத்துடைப்பான் எல்லாம் அது. பிணைப்பதற்கு முந்திய நிலையை, ஆங்கிலத்தில் ‘வெப்’ என்பதை, நார்ப்படுகை எனலாம். கார்டிங்கில், அதாவது பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் பிரிவில், வேலை பார்த்தவர்கள் ‘வெப்’ என்றே சொல்லிப் பழகியிருப்பார்கள். அவர்கள் காதுக்கும் படுகை உறுத்தாது என்று நினைக்கிறேன். காற்றில் படியவைத்தால் காற்றுப்படுகை, தண்ணீரில் கரைத்துப் படியவைத்தால் ஈரப்படுகை. ‘நீர்ப்படுகை’ வேண்டாம், அது நிலத்தடி நீருக்குப் போய்விட்டது.

பஞ்சு போலக் குட்டையானவை குறுநார், துளைத்தட்டிலிருந்து அறுபடாமல் வருபவை நெடுநார். அதனால் மேலே சொன்ன பை செய்யும் முறைக்கு, ஸ்பன்பாண்டுக்கு, ‘நெடுநார்ப் பிணையல்’. மெல்ட்ப்ளோனுக்கு ‘ஊதுநார்ப் பிணையல்’. இந்த இரண்டாவது சொல்லுக்காக நான் வாதாடத் தயார். துளையிலிருந்து உருகி வரும் பொருளை வேகமான சுடுகாற்று ஊதி ஊதி மெலியவைக்கிறது. நெடுநார் 15 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் இருக்கும் என்றால் இது பெரும்பாலும் 1 முதல் 5 மைக்ரான்தான். 1950களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில், காற்றில் மிதக்கும் கதிரியக்கத் துகள்களைப் பிடிக்கும் வடிகட்டிக்காக இந்த மெல்லிய நாரை உருவாக்கினார்கள். கொரோனா காலத்தில் நாம் மாட்டிய முகக்கவசத்தின் நடு அடுக்கும் அதுதான். வெளி அடுக்குகள் வடிவத்துக்கும் உறுதிக்கும். உண்மையான காவல் நடுவில் உள்ள ஊதுநாரிலும், அதற்கு ஏற்றிய மின்னூட்டத்திலும் இருக்கிறது. முகக்கவசத்தைச் சோப்புப் போட்டுத் துவைத்தாலோ ஆல்கஹால் தெளித்தாலோ அந்த மின்னூட்டம் போய்விடும். இதையும் அத்தியாயத்தில் ஒரு வரி சேருங்கள், அக்கா.

ஜிஎஸ்எம், காலண்டர், மாஸ்டர்பேட்ச் ஆகியவற்றைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ரோல் வாங்கப் போகிறவரும் விற்கிறவரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அங்கே மாணவர் வேலைக்குப் போய் நிற்கும்போது அந்தச் சொற்கள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே பாலியஸ்டர், வெளியே அதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் பாலிஎத்திலீன் உறை என்று இரண்டும் சேர்ந்து ஒரே நாராக வருகிறதே, அந்த ‘பைகாம்பொனென்ட்’. உறை மட்டும் உருகி அண்டை நாரைப் பிடித்துக்கொள்ள, உள்நார் அப்படியே நிற்கும். ‘ஈருறுப்பு நார்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் உறையும் கருவும் தெரியவில்லை. ‘உறைநார்’ போதுமா, போதாதா? கோவை ஐயாவும் திருப்பூர்த் தம்பியும் எழுதினால் மற்றவற்றோடு சேர்த்து அட்டவணையில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து