மருந்துத் துண்டில கொம்பனிப் பேர் எதுக்கு?

கோண்டாவில்காரி:
நேற்று அம்மாவின்ர கொலஸ்ட்ரோல் குளிசை வாங்க ஆஸ்பத்திரி வீதிக்குப் போனன். பிரைவேட்டில காட்டின டொக்டர் எழுதின துண்டில கொம்பனிப் பேர் மட்டும்தான் கிடக்கு. கடைத் தம்பி ரண்டு குளிசை அட்டையை, காட் எண்டு சொல்லுறது, எடுத்து மேசையில வைச்சார். ரண்டிலயும் சின்ன எழுத்தில அற்றோவாஸ்ரற்றின் 20 மில்லிகிராம். துண்டில எழுதினதின்ர விலைக்கு மற்றதில நாலு காட் வாங்கலாம். மருந்தின்ர ஜெனரிக் பேரை, அதாவது கொம்பனி வைச்ச பேரில்லை, உள்ளுக்குக் கிடக்கிற மருந்தின்ர பேரை, எழுதவேணும் எண்டு மருந்துகளை ஒழுங்குபடுத்துற 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் சொல்லுது. ஆர் கேக்கினம்?

பழைய ரெப்:
தங்கச்சி, நான் கொம்பனி மருந்துகளை டொக்டர்மாருக்கு அறிமுகப்படுத்தித் திரிஞ்ச ரெப். ஒரு மருந்தைக் கண்டுபிடிச்சுக் கடைக்குக் கொண்டுவர வருசக்கணக்காகும். அதுக்குத்தான் காப்புரிமை 20 வருசம். அந்தக் காசு விலையிலதானே வரும்? தரமும் இருக்கு. 2023 இல இம்யூனோகுளோபுலின் எண்ட ஊசி மருந்தெண்டு ஆஸ்பத்திரியளுக்கு வந்த போத்திலுக்குள்ள கிடந்தது போலி எண்டு நாடே பாத்தது.

கோண்டாவில்காரி:
அண்ணை, அற்றோவாஸ்ரற்றினுக்கு அமெரிக்காவிலேயே 2011 இல மற்றக் கொம்பனியளின்ர மலிவு ஜெனரிக் குளிசை வந்திட்டுது. முடிஞ்ச காப்புரிமைக்கு அம்மா ஏன் இன்னும் காசு கட்டவேணும்? இம்யூனோகுளோபுலின் கதை கொள்வனவில நடந்த களவு. அதை மலிவுக் குளிசையின்ர தலையில கட்டாதேங்கோ. போன மாசம் பிரைவேட் டொக்டரிட்டை நம்பர் எடுத்துக் காட்டுற சனலிங்கில எங்களுக்கு 31 ஆம் நம்பர். இரவு எட்டரை. கறுப்புப் பையோட மூண்டு பேர் எங்களுக்கு முன்னால உள்ளுக்குப் போச்சினம். அவையில ஒருத்தருக்கும் வருத்தமில்லை.

பழைய ரெப்:
அந்தப் பையை நானும் 12 வருசம் தூக்கினனான், மறைக்கேல்லை. முதல்ல பேனை, கலண்டர். பிறகு சாம்பிள். பெரிய டொக்டர்மாருக்கு வெளிநாட்டு மகாநாடு. மாச டார்கெட் வராட்டி மனேஜர் போனிலேயே கிழிப்பார். ஆனா பையைக் கதவுக்கு வெளியில நிப்பாட்டின டொக்டர்மாரும் இருக்கினம், அதையும் எழுதுங்கோ.

மருந்துக்கடை:
ரண்டு பேரும் என்னை மறந்திட்டியள். ஜெனரிக் பேர் மட்டும் எழுதினா எந்தக் கொம்பனியைக் குடுக்கிறது எண்டு ஆர் முடிவெடுக்கிறது? நான். பத்துப் பெட்டி எடுத்தா ரண்டு பெட்டி சும்மா தாறன் எண்டு நிக்கிற கொம்பனிதான் என்ர முன் தட்டில இருக்கும். ரெப் டொக்டரை விட்டிட்டு என்ர கடைக்கு வருவான், அவ்வளவுதான். 2016 இல 48 மருந்துக்கு உச்சவிலை போட்டினம், நல்லது. 2022 இல ரூபா விழ, அந்த விலையளையும் ஏத்தவேண்டி வந்தது.

ஓய்வுபெற்ற டிஸ்பென்சர்:
இதுக்குத்தான் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே வழி சொன்னவர். 1971 இல அவரும் கம்யூனிஸ்ட் தலைவர் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் குடுத்த அறிக்கையால அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. தேவையான மருந்துக்கு ஒரு பட்டியல், உலகம் முழுக்க டெண்டர், ஜெனரிக் பேரில கொள்வனவு. கொம்பனியள் குழம்பினதில அதிசயமில்லை. எங்கட ஸ்டோரில அப்ப ஒரு குளிசைக்கு ஒரு போத்தில். இப்ப தம்பியின்ர தட்டில ஒரே குளிசை எத்தினை பேரில நிக்குது எண்டு எண்ணிப் பாருங்கோ.

பழைய ரெப்:
ஐயா, அது மூடின பொருளாதாரக் காலம். இப்ப வாற ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க ஆளும் லாப்பும் போதாது. சோதிக்காட்டில் சனம் பேரைத்தான் நம்பும்.

ஓய்வுபெற்ற டிஸ்பென்சர்:
அப்ப லாப்பைக் கேளும், தம்பி. பேருக்குக் குடுக்கிற காசில எத்தினை லாப் கட்டலாம்! இந்தியாவில 2013 ஏப்ரலில கிளிவெக் புற்றுநோய் மருந்துக்குக் காப்புரிமை இல்லை எண்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பழைய மருந்தைக் கொஞ்சம் மாத்திப்போட்டுப் புதுசு எண்டு கேட்டா, கூடுதல் பலன் இருக்கோ எண்டு அவங்கட சட்டம் கேக்குது. எங்கட மருந்தில பெரும்பங்கு அங்கயிருந்துதான் வருது.

கோண்டாவில்காரி:
ரெப் அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. உங்கட வீட்டில என்ன காட்?

பழைய ரெப்:
எனக்குப் பிரஷர். அந்தக் கூட்டுத்தாபனத்தின்ர மருந்துக்கடை ஒசுசலையில மலிவானதுதான் எடுக்கிறன். மகனுக்கு வலிப்பு, அவன்ர வலிப்புக் குளிசை பினிற்றொயின் மட்டும் ஒரே கொம்பனி. அதில அளவு கொஞ்சம் பிசகினாலும் இழுத்துப்போடும். ஒருக்கா மாத்திப் பாத்துப் பட்டிட்டம்.

மருந்துக்கடை:
அது சரியான கதை. அந்தக் குளிசையை டொக்டரைக் கேக்காமல் நானும் மாத்திக் குடுக்கிறேல்லை. அக்கா, நீங்கள் கொலஸ்ட்ரோல் துண்டைக் கொண்டு வாங்கோ, ஜெனரிக் பேரைப் பின்பக்கத்தில எழுதித் தாறன். அடுத்த முறை டொக்டருக்கு முன்னால வையுங்கோ.