பாதி பசுமை மின்சாரம் என்கிறார்கள், முக்கால்வாசி நிலக்கரி என்கிறார்கள். எது பொய்?

பல்லடத்தான் (கேள்வி)

வணக்கம். வீட்டில் ஒரு சண்டை, தீர்த்து வையுங்கள்.

போன ஞாயிறு மச்சான் வந்திருந்தார், சாப்பாட்டுக்கு முன்னால் ஆரம்பித்த பேச்சு பாயசம் வரை போய்விட்டது. நான் செய்தியில் படித்ததைத்தான் சொன்னேன். இந்தியாவின் மின் உற்பத்தித் திறனில் பாதிக்கு மேல் இப்போது நிலக்கரி, எரிவாயு சாராதது, 2030க்கு வைத்த இலக்கை 2025 ஜூனிலேயே தொட்டுவிட்டோம் என்று. மச்சான் தூத்துக்குடியில் நிலக்கரி இறக்குமதி செய்யும் இடத்தில் கணக்குப் பார்க்கிறார். "அப்படியா? அப்புறம் எங்களுக்கு ஏன் கப்பல் குறையவே இல்லை? நீங்கள் எரிக்கிற நாலு யூனிட்டில் மூணு யூனிட் இன்னும் நிலக்கரிதான் மாப்ளே" என்கிறார்.

தேடிப் பார்த்தால் இரண்டுமே இருக்கிறது! உலகக் கணக்கும் அப்படித்தான். 2023இல் உலக மின்சாரத்தில் புதுப்பிக்கத்தக்கவை 30 சதவீதத்தைத் தாண்டின, 2024இல் 32 சதவீதம் என்று ஒரு பக்கம். அதே 2024இல் நிலக்கரியில் எடுத்த மின்சாரமும் இதுவரை இல்லாத உச்சம் என்று இன்னொரு பக்கம். இரண்டும் எப்படி உண்மையாக முடியும்? யார் யாரை ஏமாற்றுகிறார்கள்?

விசைத்தறிக்காரன், பொறியாளர் இல்லை. அதை மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

---

ஆரல்வாய்மொழி_காற்று

தம்பி, யாரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் சொன்னது மெகாவாட், மச்சான் சொன்னது யூனிட். செய்தி போடுகிறவர்களே இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள், உங்களைச் சொல்லி என்ன.

நான் இருபது வருடமாகக் காத்தாடி பராமரிப்பில் இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் உட்காரலாம் என்பது ஒரு கணக்கு, பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்பது வேறு கணக்கு. மெகாவாட் என்பது மண்டபம். யூனிட்தான் இலை.

எண்ணிலேயே பாருங்கள். 1 மெகாவாட் எந்திரம் ஒரு மணி நேரம் முழு மூச்சில் ஓடினால் 1,000 யூனிட். வருடத்துக்கு 8,760 மணி நேரம், ஆக நிற்காமல் ஓடினால் 87.6 லட்சம் யூனிட். சூரியத் தகடு அப்படி ஓடுமா? ராத்திரி இல்லை, காலையும் மாலையும் அரைகுறை, மேகம் வேறு. நம் பக்கத்தில் 1 மெகாவாட்டுக்கு வருடத்தில் 16, 17 லட்சம் யூனிட் வந்தால் சரி. காத்தாடி இடத்தையும் எந்திரத்தின் வயதையும் பொறுத்து 20, 25 லட்சம். நிலக்கரி நிலையம் சராசரியாக 60 லட்சம் தரும். மூன்றுக்கும் பெயர் 1 மெகாவாட்தான்.

இந்தியாவின் மொத்தத் திறன் அந்த ஜூனில் சுமார் 485 ஜிகாவாட் (1 ஜிகாவாட் என்றால் 1,000 மெகாவாட்), அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் நிலக்கரி, எரிவாயு சாராதது. ஆனால் அந்தப் பாதிக்குள் பெரிய அணைகளும் அணுமின் நிலையங்களும் சேர்த்தி, அதையும் கவனியுங்கள். யூனிட் கணக்கு எடுத்தால் இந்தப் பாதி தருவது மொத்தத்தில் கால் பங்கு. மிச்சம் முக்காலும் பெரும்பாலும் நிலக்கரி. ஆக நீங்களும் சரி, மச்சானும் சரி, மண்டபத்துக்கும் பந்திக்கும் சண்டை.

உலகத்துக்குச் சொன்ன 32 சதவீதம் இருக்கிறதே, அது யூனிட் கணக்கு. அதனால் அது கனமான எண். அதிலும் பெரிய பங்கு, 14 சதவீதத்துக்கு மேல், பழைய அணை மின்சாரம். காற்று சுமார் 8, சூரியன் சுமார் 7.

---

சந்தேக_சாமி

நல்ல விளக்கம். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். உங்கள் 16 லட்சம் யூனிட் எப்போது வருகிறது என்று சொல்லவில்லையே? எல்லாரும் விசிறி போட்டுக்கொண்டு டிவி பார்க்கும் இரவு எட்டு மணிக்கா வருகிறது?

ஸ்பெயினை மறந்துவிட்டீர்களா? 2025 ஏப்ரல் 28, பட்டப்பகல் பன்னிரண்டரை மணி, சூரிய மின்சாரம் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மொத்தமாக இருண்டன. ரயில் நடுவழியில் நின்றது, லிப்டில் ஆட்கள் மாட்டினார்கள். நிலக்கரி என்றால் கெட்ட வார்த்தை என்கிற மாதிரி பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

---

அடிலெய்டு_வாசி

சந்தேக சாமி அவர்களே, ஸ்பெயின் விஷயத்தில் பாதி சரி. அன்றைக்கு நடந்தது மின்சாரப் பற்றாக்குறை இல்லை, வோல்டேஜ் கட்டுக்கடங்காமல் ஏறியது, ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்கள் ட்ரிப் ஆயின, அதாவது தாமாகவே இணைப்பைத் துண்டித்துக்கொண்டன. வோல்டேஜைப் பிடித்து வைக்க வேண்டிய பழைய வகை நிலையங்கள் போதுமான அளவு அதைச் செய்யவில்லை என்றுதான் ஸ்பெயின் அரசின் அறிக்கை சொன்னது. அதே நேரத்தில் சூரிய, காற்று நிலையங்களுக்கு அந்த வேலையைச் செய்ய அங்கே விதியும் இல்லை. ஆகவே சூரியன் மேல் பழி போடுவதும் தப்பு, சூரியனுக்குச் சம்பந்தமே இல்லை என்பதும் தப்பு.

இதைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது, ஏனென்றால் அன்று இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தயிர்சாதம் சாப்பிட்டவன் நான். 2016 செப்டம்பர் 28. தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுக்க இருண்டது. பெரும் புயல், சுழற்காற்று, உயரழுத்தக் கம்பிக் கோபுரங்கள் இருபதுக்கு மேல் சாய்ந்தன. வோல்டேஜ் திரும்பத் திரும்பச் சரிந்ததில் காற்றாலைகள் பல தாமாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. காற்று இல்லாமல் இல்லை! "இத்தனை முறைக்கு மேல் சரிந்தால் ஒதுங்கிக்கொள்" என்று அவற்றின் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு வரி இருந்தது, அதை மின்கட்டமைப்பைப் பார்த்துக்கொள்பவர்களே அறிந்திருக்கவில்லை. சில நொடிகளில் 450 மெகாவாட்டுக்கு மேல் போனது, பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்பு அந்தச் சுமை தாங்காமல் அறுந்தது, அவ்வளவுதான்.

அதே வருடம் மே மாதம்தான் இங்கே கடைசி நிலக்கரி நிலையத்தை, போர்ட் அகஸ்டாவில் இருந்ததை, மூடியிருந்தார்கள். அப்போது வந்த பேச்சைக் கேட்டிருக்க வேண்டும், உங்கள் பதிவு அதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். காற்றாலைகளின் அந்த வரியை மாற்றினார்கள். 2017 முடிவதற்குள் ஜேம்ஸ்டவுன் பக்கத்தில் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரி வைத்தார்கள், உலகத்திலேயே அப்போது அதுதான் பெரிது. நூறு நாளில் முடிக்காவிட்டால் இலவசம் என்று எலான் மஸ்க் பந்தயம் கட்டியது அதற்குத்தான். பின்னால் நிலக்கரி நிலையத்தின் ஜெனரேட்டர் மாதிரியே சுழலும், ஆனால் எதையும் எரிக்காத பெரிய எந்திரங்கள் நான்கு வைத்தார்கள். வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் பிடித்து நிறுத்துவதுதான் அவற்றின் வேலை. இன்று இந்த மாநிலத்தின் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் காற்றும் சூரியனும்.

அதற்காகச் சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். மாலையானால் எரிவாயு நிலையங்கள் ஓடுகின்றன, கரண்ட் பில் ஆஸ்திரேலியாவிலேயே அதிகம் வரும் மாநிலங்களில் எங்களுடையதும் ஒன்று. போன மாத பில்லைப் பார்த்துவிட்டு மனைவி ஹீட்டரைப் பூட்டி வைத்துவிட்டாள்.

---

வவுனியா_வாசகன்

எங்கட பக்கத்து அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் மின்சாரம் போதாது என்று கதைக்கிறீர்கள், கூடிப் போனாலும் பிரச்சினைதான்.

2025 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலங்கை முழுக்க மின்சாரம் நின்றது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் தொடக்கம் என்று அமைச்சர் சொன்னார், உலகமே சிரித்தது. ஆனால் குரங்கைத் தாண்டி யோசிக்க வேண்டியது என்னவென்றால், அது ஞாயிறு பகல். தொழிற்சாலை, கந்தோர் எல்லாம் பூட்டு, தேவை குறைவு, கூரைச் சோலார் நல்ல வெயிலில் தள்ளிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் சுழலும் பெரிய எந்திரங்கள் கொஞ்சம்தான் ஓடும், சின்னத் தட்டுக்கே கட்டமைப்பு சாய்ந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, பகலில் கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று வீட்டுக்காரர்களுக்கு அறிவித்தல் வந்தது. கடன் எடுத்து சோலார் போட்ட என் மாமா சுவிட்சை அணைத்துவிட்டு, "வெயிலை வீணாக்கச் சொல்லிக் கேட்ட முதல் வருசம் இதுதான்" என்றார்.

---

பல்லடத்தான்

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, நன்றி. மெகாவாட், யூனிட் புரிந்துவிட்டது. ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. உலகம் முழுக்க இத்தனை தகடு மாட்டியும் நிலக்கரி ஏன் உச்சத்தில் இருக்கிறது? குறையவே குறையாதா?

---

ஆரல்வாய்மொழி_காற்று

குறையும், ஆனால் ஒரு ஓட்டப்பந்தயம் நடக்கிறது. 2024இல் உலகத்தில் புதுப்பிக்கத்தக்கவை முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாகத் தந்தது ஏறத்தாழ 86,000 கோடி யூனிட். அதற்கு முன் எந்த ஆண்டிலும் இவ்வளவு கூடியதில்லை. ஆனால் அதே ஆண்டு உலகத்தின் மின்தேவை 4 சதவீதம் ஏறியது, அது ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் கோடி யூனிட்டுக்குப் பக்கம். வெப்ப அலை, ஏசி, மின்வண்டி, கணினிக் கிடங்குகள் என்று. அணுமின்சாரம் கொஞ்சம் கூடியும் போதவில்லை, மிச்சத்தை யார் தருவது? நிலக்கரியும் எரிவாயுவும்தான். அதனால்தான் பங்கு குறைந்தும் அளவு ஏறியது. உங்கள் வீட்டில் சம்பளம் ஏறும், செலவு அதைவிட ஏறும், கடன் எங்கே குறையும்?

2025இன் முதல் ஆறு மாதத்தில் இது திரும்பியது. சூரியனும் காற்றும் கூடியது தேவை கூடியதைவிட அதிகம். அந்த அரையாண்டில் உலக அளவில் புதுப்பிக்கத்தக்கவை முதல்முறையாக நிலக்கரியைத் தாண்டின, 34 சதவீதத்துக்குச் சற்று மேல், நிலக்கரி 33. ஆறு மாதக் கணக்குதான், ரொம்பக் குதிக்க வேண்டாம். ஆனாலும் இந்த வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இதில் பெரும் பங்கு சீனா. 2024 ஒரே வருடத்தில் 277 ஜிகாவாட் சூரியத் தகடு மாட்டினார்கள். இந்தியாவில் உள்ள எல்லா வகை மின்நிலையங்களையும் கூட்டினால் வருவதில் பாதிக்கு மேல்! அதே வருடம் 90 ஜிகாவாட்டுக்கு மேல் புதிய நிலக்கரி நிலையங்களுக்கும் வேலை தொடங்கியவர்கள் அவர்கள்தான். இரண்டு காலிலும் நிற்கிறார்கள்.

குறைந்த இடம் வேண்டும் என்றால் பிரிட்டன். 1882இல் லண்டனில் நிலக்கரியில் பொது மின்நிலையம் தொடங்கியவர்கள். 2012இல்கூட அவர்கள் மின்சாரத்தில் பத்தில் நான்கு பங்கு நிலக்கரி. 2024 செப்டம்பர் 30ஆம் தேதி கடைசி நிலையத்தை மூடினார்கள். ஆனால் அவர்கள் தேவை நம்மைப் போல ஏறிக்கொண்டே போகவில்லை, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

விலையும் ஒரு காரணம். நம் நாட்டில் 2010இல் சூரிய மின்சாரம் யூனிட் 12 ரூபாய் என்று ஏலம் போனது. 2017இல் ராஜஸ்தான் பாட்லாவில் 2 ரூபாய் 44 காசு. எங்கள் காத்தாடிக்காரர்களே ஆடிப்போனோம்.

---

சந்தேக_சாமி

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரவு எட்டு மணிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நமக்கு அடிலெய்டு மாதிரி பேட்டரி எங்கே?

---

ஆரல்வாய்மொழி_காற்று

எங்கள் காற்றுக்கு இரவு பகல் பேதம் இல்லை, அதன் பிரச்சினை சீசன். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்துத் தள்ளும், தமிழ்நாட்டில் காற்று மட்டுமே 5,000 மெகாவாட்டைத் தாண்டிய நாள்கள் உண்டு. சில நாள் மழை வந்து தேவை குறைந்தால் "பேக் டவுன் பண்ணுங்க" என்று போன் வரும். நல்ல காற்றில் இறக்கையைத் திருப்பி நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம், வயிறு எரியும். ஜனவரியில் அதே காத்தாடி சோம்பேறி மாதிரி நிற்கும்.

எட்டு மணிப் பதில் நம்மிடம் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை, 400 மெகாவாட். மிஞ்சிய மின்சாரத்தில் மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மலைமேல் இருக்கும் காடம்பாறை அணைக்கு ஏற்றுவது, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. இப்படிப்பட்ட நிலையங்களில் 100 யூனிட் போட்டால் 75, 80 திரும்பி வரும். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டுகிறார்கள். நம் அளவுக்கு இது போதாது, பேட்டரியும் வேண்டும்தான். ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்லாதீர்கள் சாமி.

---

பல்லடத்தான்

காடம்பாறை எங்களுக்குப் பக்கம்தானே! உள்ளே போய்ப் பார்க்கலாமா? மச்சானையும் இழுத்துக்கொண்டு வருகிறேன்.

---

ஆரல்வாய்மொழி_காற்று

நிலையம் மலைக்குள்ளே, சுரங்கத்தில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள், வழியெல்லாம் காடு, யானை நடமாட்டம் வேறு. ஆழியாறு வரை போய் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். மச்சானை பில் கட்டச் சொல்லுங்கள், நிலக்கரிக்காரர்களுக்கு இன்னும் வருமானம் இருக்கிறது.