தென்னையில் மோதிய ட்ரோன்: பறக்கிறது, ஆனால் வீடியோ நடுங்குகிறது (அவசரம்)

தோப்புப்பையன்:
ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு நிச்சயதார்த்தம், அதற்குள் சரியாக வேண்டும். ட்ரோன் மரத்தில் மோதிக் கீழே விழுந்துவிட்டது. வெளியே பெரிய சேதம் இல்லை, கிளம்பிப் பறக்கவும் செய்கிறது. ஆனால் வீடியோ நடுங்குகிறது, அடிவானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே வருகிறது. ஆப்பில் கேலிப்ரேஷன் (சென்சார்களைச் சரிநிலைப்படுத்துவது) செய்தும் பார்த்தாயிற்று. என்ன செய்யலாம்? விழுந்தபோது எடுத்த வீடியோவும் திறக்க மாட்டேன் என்கிறது.

வால்வெட்டி:
எந்த மாடல்? எவ்வளவு உயரம்? விழுந்தது மண்ணிலா, சிமென்ட் தரையிலா? ப்ரொப் (இறக்கை) மாற்றினீர்களா? இப்படிக் கேட்டால் ஜாதகம் கொடுக்காமல் பலன் கேட்பது மாதிரி இருக்கிறது.

ரிப்பன்மணி:
கிம்பல், அதாவது கேமராவை ஆடாமல் தாங்கும் பகுதி, அதன் ரிப்பன் கேபிள்தான், சந்தேகமே வேண்டாம். என்னிடம் வரும் விழுந்த ட்ரோன்களில் பாதி அதுதான். கேபிள் மட்டும் தனியாகக் கிடைக்கும், கை நடுங்காதவர்கள் வீட்டிலேயே மாற்றலாம்.

மூத்தபைலட்:
இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. மணி, ரிப்பன் கிழிந்தால் பெரும்பாலும் திரையில் படமே வராது, இல்லையென்றால் கிம்பல் பிழை என்று ஆப் கத்தும். இங்கே படம் வருகிறது, நடுங்குகிறது, அவ்வளவுதான். அடிப்படை தெரியாமல் கேபிள் விற்காதீர்கள்.

ரிப்பன்மணி:
பாதி கிழிந்த கேபிளும் உண்டு சார். நான் ஒன்றும் விற்கவில்லை.

கோவைக்காற்று:
அண்ணா, மோட்டாரையும் பாருங்கள். ஒவ்வொன்றையும் விரலால் மெதுவாகச் சுற்றினால் எது கரகரக்கிறது என்று தெரிந்துவிடும். உள்ளே காந்தம் இருப்பதால் மண்ணில் இருக்கும் இரும்புத் துகள் போய் ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் பறக்கவிட்டு இறக்கியதும் தொட்டுப் பாருங்கள், மற்றவற்றைவிட அதிகம் சூடாக இருப்பதில்தான் கோளாறு.

வால்வெட்டி:
திறக்காத வீடியோவுக்கு: பதிவு முடியும் முன்பே பேட்டரி கழன்றிருக்கும், அதனால் ஃபைல் மூடப்படவில்லை. கார்டை ஃபார்மட் செய்யாமல் திரும்ப ட்ரோனிலேயே போட்டு ஆன் செய்து கொஞ்ச நேரம் விடுங்கள், பல மாடல்கள் தாமாகவே சரிசெய்துகொள்ளும். ஆனால் முதலில் மாடலைச் சொல்லுங்கள்!

தோப்புப்பையன்:
249 கிராம் மடக்கு மாடல். தென்னை உச்சி உயரம் இருக்கும், உழுத மண்ணில் விழுந்தது. நான் எங்கும் இடிக்கவில்லை, வீட்டுக்குத் திரும்பு பட்டனை அழுத்தினேன், அதுவாகவே போய் மோதியது. உடைந்த இறக்கை ஒன்றை மட்டும் மாற்றினேன். ஆமாம், பேட்டரி தெறித்து வெளியே விழுந்தது, மூலையில் லேசாக நசுங்கல்.

கோவைக்காற்று:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அந்த வகையில் ஒரு மோட்டாருக்கு இரண்டு இறக்கை, எடை பொருந்திய ஜோடியாகத்தான் வரும். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் நடுங்கத்தான் செய்யும். ஜோடியாக மாற்றுங்கள். மாற்றும்போது ஏ, பி குறியைப் பாருங்கள், மாறிப் போனால் கிளம்பும்போதே கவிழும். சாய்வுக்குக் காரணம் வேறு: கிம்பலைத் தாங்கும் சின்ன ரப்பர்களில் ஒன்று துளையிலிருந்து கழன்றிருக்கும்.

மூத்தபைலட்:
திரும்பும் உயரத்தை அமைக்காமல் பட்டனை அழுத்தினால் அதுவாகவே மோதத்தான் செய்யும். இந்த எடையில் பல மாடல்களுக்குக் கீழ்நோக்கித்தான் சென்சார், முன்னால் நிற்கும் மரம் அதற்குத் தெரியாது. பிழைத்தது தரத்தால் அல்ல, எடையால். 20 மீட்டரிலிருந்து 249 கிராம் விழுந்தால் மோதும் ஆற்றல் சுமார் 49 ஜூல், 900 கிராம் விழுந்தால் 176. உழுத மண் மீதியைப் பார்த்துக்கொண்டது.

பச்சைமண்டலம்:
எல்லாம் சரி, நிச்சயதார்த்தம் எங்கே? கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவிடப் போகிறீர்களா?

தோப்புப்பையன்:
பல்லடம் பக்கம் தோட்டத்தில்தான். 250 கிராமுக்குள் என்றால் ஒன்றும் தேவையில்லை என்றார்களே?

பச்சைமண்டலம்:
2021 ட்ரோன் விதிகளில் நானோ வகைக்கு, அதாவது 250 கிராம் வரை, பைலட் லைசென்ஸ்தான் வேண்டாம். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் எந்த எடையும் பறக்கக் கூடாது. சூலூர் விமானப்படைத் தளம் அந்தப் பக்கம்தானே, அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள ட்ரோன் வான்வெளி வரைபடத்தில் உங்கள் தோட்டம் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

ரிப்பன்மணி:
கல்யாண வீட்டில் யார் வரைபடம் பார்க்கிறார்கள்? ஊரில் எல்லோரும் எடுக்கிறார்கள்.

பச்சைமண்டலம்:
ட்ரோனைப் பிடுங்கி வைத்தால் எல்லோருமா வந்து மீட்டுத் தருவார்கள்? 2022 பிப்ரவரியிலிருந்து முழு ட்ரோன் இறக்குமதிக்கே தடை. பாகம் வரும், வேறு ட்ரோன் வாங்குவது சுலபமில்லை.

மூத்தபைலட்:
விதியைப் பற்றிப் பேச வேறு விவாத இழை இருக்கிறது.

பச்சைமண்டலம்:
ஜூல் கணக்குக்கும் வேறு இழை இருக்கிறது சார்.

வால்வெட்டி:
சண்டையை நிறுத்துங்கள். தம்பி, அந்த நசுங்கிய பேட்டரியை இனிமேல் சார்ஜில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி அடிபட்டு மணிக்கணக்கு கழித்தும் தீப்பிடிக்கும். வெளியே மணல் வாளியில் வையுங்கள், வீட்டுக்குள் வேண்டாம்.

தோப்புப்பையன்:
ரப்பர் ஒன்று கழன்றுதான் இருந்தது. இடுக்கியால் இழுத்து மாட்டினேன். இறக்கை ஜோடியாக மாற்றியதும் நடுக்கம் போய்விட்டது. சாய்வு இன்னும் துளி இருக்கிறது, ஆப்பில் திருத்திக்கொண்டேன். வீடியோவும் திறந்துவிட்டது. நன்றி கோவை அண்ணா.

வால்வெட்டி:
பேட்டரியை என்ன செய்தீர்கள்?

பச்சைமண்டலம்:
வரைபடம் பார்த்தீர்களா?

வால்வெட்டி:
தம்பி?