ஒற்றை ஆள் சமையலுக்கு ஒரு யோசனை சொல்லுங்கள்

வேலைக்காக நாகர்கோவிலில் தனியாகத் தங்கியிருக்கிறேன். ஒரு அடுப்பு, சின்னக் குக்கர், ஃபிரிட்ஜ் கிடையாது. கடைச் சாப்பாட்டு எண்ணெய் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரவுக்குச் சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும், அதில் குறையில்லை.

சிக்கல் மதியக் குழம்பில்தான். கால் கிலோ சாளை மீனுக்கு அரை மூடித் தேங்காயே தாராளம். மிச்சத் தேங்காய் மறுநாளே வழுவழுப்பாகி வாடை அடிக்கிறது. தேங்காய் இல்லாமல் வை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், நம் ஊரில் அது நடக்காது. உப்புத் தடவி வைத்தால் தாங்குமா? தீயல் குழம்புக்கு வறுத்து அரைத்த தேங்காய் எத்தனை நாள் கெடாது?

மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) வேறு, பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓடிவிடுகிறது. தோல் சீவித் தண்ணீரில் போட்டு வைக்கலாமா? அனுபவமுள்ள அக்காமார், அண்ணன்மார் சொல்லுங்கள்.