ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் உடைந்த மூடி: பிபியில் (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கில்) ரப்பர் கலந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அம்பத்தூர் மோல்டர்
மூன்று வருஷம் ஆகிவிட்டது, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வண்டி பேட்டரிக்கு மேலே வரும் மூடி. அடி தாங்கும் பிபி வகையான கோபாலிமர் விலை ஏறியிருந்த சமயம் என்பதால், குளிரில் எளிதில் உடையும் சாதா வகையான ஹோமோவைப் பாதிக்குப் பாதி கலந்து ஓட்டினேன். ஏப்ரல் மாதம், ஷெட்டுக்குள் நிற்க முடியாத சூடு. சுத்தியலால் அடித்துப் பார்த்தோம், தாங்கியது. லோடு போய்விட்டது.

பத்து நாள் கழித்துக் கஸ்டமர் கூப்பிட்டார். தரப் பிரிவில் இருந்தவர் எதுவும் பேசாமல் ஃப்ரீசரைத் திறந்து, நம் மூடி ஒன்றை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விட்டார். கண்ணாடி டம்ளர் விழுந்த மாதிரி சிலீர் என்றது. நாலு துண்டு. உடைந்த விளிம்பில் வெளுப்பே இல்லை, பிளேடால் அறுத்தது போல் மழமழவென்று இருந்தது. அப்புறம் ஹோமோவை நிறுத்திவிட்டு, கோபாலிமரில் 15 சதவீதம் பிஓஇ (ரப்பர் மாதிரி வளையும் பாலியோலிஃபின்) போட்டு, அதே ஃப்ரீசரில் வைத்துச் சுத்தியலாலேயே அடித்தோம். அடித்த இடம் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெளுத்துக் குழிந்ததே தவிர, விரிசல் விடவில்லை.

கோவை கலவைக்காரர்
சதவீதத்தை மட்டும் சொன்னால் யாராவது நம்பி ஏமாறுவார்கள் சார். நானும் 15 சதவீதம்தான் போட்டேன். ஆனால் கார் கதவு ரப்பர் பட்டையின் கழிவை அரைத்த இபிடிஎம் தூள். ஹாப்பரிலேயே கொட்டி மோல்டிங் மெஷினில் ஓட்டிவிட்டேன். கேட் (உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாய்) பக்கம் நகத்தால் கீறினேன், வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. வெட்டிப் பார்த்தால் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள். வல்கனைஸ் ஆன, அதாவது வேக வைத்து இறுக்கிய, ரப்பர் மறுபடி உருகாது. அந்தத் திட்டிலிருந்துதான் விரிசலே கிளம்பியது. ரப்பர் துளி ஒரு மைக்ரான் அளவுக்குச் சிதறினால்தான் அடியை வாங்கும். பிஓஇ உருகக்கூடிய குருணையாக வருவதால் உங்களுக்குத் தப்பியது.

ஐசாட் லேப்
நான் பாஸ் என்று ரிப்போர்ட் கொடுத்த பார்ட் ஒன்று வெளியே போய் உடைந்தது. ஐசாட் என்பது பள்ளம் வெட்டிய துண்டை ஊசல் சுத்தியலால் அடித்து உடைக்கும் சோதனை. அந்தப் பள்ளத்தை, அதாவது நாட்சை, வெட்டும் பல் தேய்ந்து, நுனி ஆரம் 0.25 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. மழுங்கிய நாட்சில் மதிப்பு கூடுதலாகத்தான் வரும். அதிலிருந்து வாராவாரம் பார்க்கிறேன்.

சரி, இதைப் படிக்கும் புதியவர்களுக்காக. பிபி 0 டிகிரிப் பக்கம் வந்தாலே கண்ணாடித் தன்மைக்குப் போய்விடும். இபிடிஎம், பிஓஇ இரண்டும் மைனஸ் 50 வாக்கில்தான் இறுகும். அதனால் 23 டிகிரியில் மட்டும் சோதித்து அனுப்பாதீர்கள். பம்பர் மாதிரி வேலைக்கு மைனஸ் 30 வரை கேட்பார்கள். மெல்ட் ஃப்ளோவை (உருகியது எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதை) 230 டிகிரி, 2.16 கிலோவில் ஒவ்வொரு மூட்டைக்கும் பாருங்கள். திரும்பத் திரும்ப அரைத்த மெட்டீரியல் சேர்ந்தால் ஃப்ளோ ஏறும், வலு இறங்கும். வெயிலில் நிற்கும் பார்ட்டுக்கு எஸ்பிஎஸ் ரப்பர் வேண்டாம், அதிலுள்ள இரட்டைப் பிணைப்பை வெயில் தின்றுவிடும், அந்தப் பிணைப்பு இல்லாத எஸ்இபிஎஸ் தாங்கும். ரப்பர் கூடினால் விறைப்பு குறையும், அதை டால்க் (மாக்கல் தூள்) போட்டு மீட்டுவிடலாம். டால்க் போட்டால் சுருக்கம் குறையும், டை (அச்சு) அளவையும் சரிபாருங்கள்.

அம்பத்தூர் மோல்டர்
மேடம், அறிவுரைக்கு நன்றி. ஆனால் நான் கேட்டது உங்கள் கையில் உடைந்த கதைகளை. நாட்ச் கதையை இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். அந்த ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கினீர்களா?

ஒசூர் டூல்ரூம்
டால்க் போட்டு மீட்டுவிடலாம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விறைப்பு வரும், உண்மை. எங்கள் பேனலில் 20 சதவீதம் டால்க், ரப்பரும் இருந்தது, லேபில் எல்லாமே பாஸ். அசெம்பிளியில் கிளிப்பை அழுத்தினால் ஓட்டையை ஒட்டி நேர்கோடாகப் பிளந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன், மயிரிழை மாதிரி வெல்டு லைன் சரியாக அந்த ஓட்டையிலிருந்து ஓடியது. இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் மெட்டீரியல் சேருமிடத்தில் டால்க் தகடுகள் அந்தக் கோட்டின் போக்கிலேயே படுத்துவிடும், பிடிப்பு இருக்காது. கேட்டை நாற்பது மில்லிமீட்டர் நகர்த்தினோம், கோடு ஓட்டையை விட்டு விலகியது, பிளப்பது நின்றது. மெட்டீரியலில் ஒரு மணிகூட மாற்றவில்லை.

ஐசாட் லேப்
வாங்கினேன். நானே நேரில் போய்ச் சொல்லி வாங்கினேன்.