விசிறியை மாற்றினால் மின்கட்டணம் பாதியாகுமா? மீட்டர் வேறு கணக்குச் சொல்கிறது

விடுதிக்காரி, பாளையங்கோட்டை:

வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு சிறிய விடுதி நடத்துகிறேன். 9 அறைகள், 18 பேர். கூடத்தையும் சமையலறையையும் சேர்த்தால் 11 மின்விசிறிகள், எல்லாம் என் மாமனார் காலத்தவை. பி.எல்.டி.சி. விசிறி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் வைத்தது) விற்கும் ஒருவர் இரண்டு மாதமாக வாசலை விட்டு நகர்வதாக இல்லை. ஒன்று 3,000 ரூபாய். மாற்றினால் கட்டணம் பாதியாகும் என்கிறார். சாட்சிக்கு வேறொரு விடுதியின் இரண்டு ரசீதுகளைக் காட்டினார். கத்திரி வெயில் காலத்துக் கணக்கு ஒன்று, விசிறி மாற்றிய பின் ஆனி, ஆடிக் கணக்கு ஒன்று. பாதிக்குப் பாதிதான், மறுக்கவில்லை.

ஆனால் 33,000 ரூபாயைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கிறவள் இல்லை நான். ஒன்றே ஒன்று வாங்கி 4ஆம் எண் அறையில் மாட்டச் சொன்னேன். முதல் நாள் முழுக்க முனகிக்கொண்டே நின்று நின்று சுற்றியது. மாட்டியவர் பழைய ரெகுலேட்டரைக் கழற்றாமல் போயிருக்கிறார். அதை எடுத்துவிட்டு நேராக இணைத்ததும் சத்தம் அடங்கியது.

பிறகு மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கை எண்ணினேன். 3200 முறை சிமிட்டினால் 1 யூனிட் என்று மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஊருக்குப் போனதும் விளக்கு, மோட்டார், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்தேன். பழைய விசிறி மட்டும் முழு வேகத்தில் ஓடியபோது 5 நிமிடத்தில் 60. புதியது மட்டும் ஓடியபோது 48. ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. அவர் பொய் சொல்கிறாரா, எனக்கு எண்ணத் தெரியவில்லையா?

பழைய ஒயர்மேன், மேலப்பாளையம்:

எண்ணியது சரிதான் அக்கா, அணைத்ததில்தான் எதையோ விட்டுவிட்டீர்கள். 5 நிமிடத்தில் 60 என்றால் 225 வாட். சாதாரண விசிறி 75 வாட்டுக்கு மேல் பெரும்பாலும் இழுக்காது. இன்வெர்ட்டர் வைத்திருக்கிறீர்களா? பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் அதுவும் அந்தக் கணக்கில் சேரும். இரண்டு விசிறிகளையும் நிறுத்திவிட்டு ஒருமுறை எண்ணுங்கள். வருகிற எண்ணிக்கையை இரண்டிலிருந்தும் கழியுங்கள்.

அந்த ரசீதுகளை ஓரமாக வையுங்கள். ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கிவிடும். ஜன்னலைத் திறந்தாலே போதும், பழைய விசிறிக்கும் கட்டணம் குறையும். நம் பக்கத்துக் காற்றை நம்பித்தானே கயத்தாறில் காற்றாலைகளைச் சோதிக்க ஒரு நிலையமே வைத்திருக்கிறார்கள்! ஒரே நாளில், ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்து அறைகளில் சோதித்தால்தான் அது சோதனை.

முழு வேகத்தில் மட்டும் எண்ணாதீர்கள். இரவில் உங்கள் பிள்ளைகள் எந்த எண்ணில் வைத்துத் தூங்குகிறார்களோ, அதில் எண்ணுங்கள். இன்னொன்று, வாட் குறைவு என்பது மட்டும் பெருமை இல்லை. மெதுவாகச் சுற்றினாலும்தான் வாட் குறையும். 2023 முதல் கூரை விசிறிக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று என்பதை வைத்துத்தான் நட்சத்திரம் கொடுக்கிறார்கள். கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

லாட்ஜ், குற்றாலம்:

விசிறியோடு நிற்காதீர்கள், வெந்நீரையும் பாருங்கள். 1 யூனிட் என்பது 860 கிலோகலோரி. சுருள் வைத்த கீசர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், 1 யூனிட்டில் 86 லிட்டரை 10 டிகிரி ஏற்றுவதே அதன் எல்லை. ஹீட் பம்ப் அப்படியல்ல. சுற்றியுள்ள காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கிறது. 100 லிட்டரை அளந்து ஊற்றி, தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, தனியாக ஒரு சின்ன மீட்டரும் போட்டுப் பார்த்தேன். 26இலிருந்து 46 டிகிரிக்குக் கீசரில் 2.3 யூனிட்டுக்குக் குறையாது. இதில் 0.7தான். சீசனில், சாரல் விழுந்து காற்று குளிர்ந்த நாளில் 0.9.

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இடம் மிச்சம் என்று மாடிப்படிக்கு அடியில் அதை வைத்துக் கதவையும் சாத்திவிட்டேன். தான் ஊதிய குளிர்ந்த காற்றையே அது திரும்பத் திரும்ப இழுத்து 1.3 யூனிட் தின்றது. மொட்டை மாடிக்கு ஏற்றிய பிறகுதான் வழிக்கு வந்தது.

விடுதிக்காரி:

ஒயர்மேன் அண்ணாச்சி, இன்வெர்ட்டரேதான்! இரண்டு விசிறிகளையும் நிறுத்திய பிறகும் 5 நிமிடத்தில் 40. அதைக் கழித்தால் பழையது 20, புதியது 8. அதாவது 75 வாட்டும் 30 வாட்டும். விற்பவர் விசிறியைப் பற்றிச் சொன்னதில் பொய் இல்லை. என் கட்டணத்தைப் பற்றிச் சொன்னதுதான் கதை.

இரவில் எல்லோரும் 3ஆம் எண்ணில்தான் வைக்கிறார்கள். அதில் பழையது 12, புதியது 4. மிச்சம் 30 வாட். 9 அறைகளிலும் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 194 யூனிட் குறையும். என் கடைசிக் கணக்கு 1,140 யூனிட். ஆறில் ஒரு பங்கு. அறைகளுக்கு மட்டும் மாற்றப் போகிறேன். கூடத்திலும் சமையலறையிலும் மாமனாரின் விசிறிகள் சுற்றட்டும்.

காற்றைப் பற்றி 4ஆம் எண் அறையில் குறை இல்லை. ரிமோட் யார் தலையணைக்கு அடியில் இருப்பது என்றுதான் இரவெல்லாம் சண்டை. சுவரில் ஆணி அடித்து நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

குற்றாலத்து அண்ணாச்சி, அந்த ஹீட் பம்பை மொட்டை மாடியில் வைத்தால் கீழே தூங்குகிறவர்களுக்குச் சத்தம் கேட்காதா?

லாட்ஜ், குற்றாலம்:

கேட்கும். அதனால்தான் நான் பகல் 12 மணிக்கு மேல் ஓடவிடுகிறேன். காற்று சூடாக இருக்கும்போது யூனிட்டும் குறைவு. தொட்டிக்கு நல்ல உறை இருந்தால் மறுநாள் காலை வரை சூடு நிற்கும். அடியில் ரப்பர் கட்டை கொடுக்க மறக்காதீர்கள்.