ரூஃப் லைனிங்குக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

கோவை, திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகக் கார் இருக்கை, உள்வேலை பற்றிய பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு சொல் இடிக்கிறது. காரின் கூரைக்கு உட்புறம், தலைக்கு நேர் மேலே ஒரு துணி இருக்குமே, அது. பழைய வண்டிகளில் பிடி விட்டுத் தொங்கிக்கொண்டு ஓட்டுகிறவர் உச்சியை உரசும். அதைக் கழற்றிச் சரிசெய்வதுதான் அத்தியாயம் முழுக்க. கடைகளில் ரூஃப் லைனிங் என்கிறார்கள், டாப் லைனிங் என்றும் கேட்டிருக்கிறேன். பதிப்பகமோ தமிழ்ச்சொல் கட்டாயம் என்கிறது. ஆங்கில மூலத்தில் 'ஹெட்லைனிங்'. கணினியிடம் கேட்டேன், 'தலைப்புச் செய்தியாதல்' என்று கொடுத்தது. சிரித்து முடித்துவிட்டு உங்களிடம் வந்திருக்கிறேன். வெள்ளி மாலை கோப்பு அச்சுக்குப் போகிறது.

தஞ்சாவூர், திங்கள் நண்பகல்

மகளே, இருக்கிற சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதுச்சொல்? மேற்கட்டி. மேல் + கட்டி, லகரம் றகரமாகத் திரிந்தது, அவ்வளவுதான். கோயிலில் சுவாமிக்கு மேலேயும் மணவறையில் மணமக்களுக்கு மேலேயும் கட்டும் துணிக்கு இதுதான் பெயர். விதானம் என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், அது வடசொல். கோவலனும் கண்ணகியும் மணந்தது 'நீல விதானத்து நித்திலப்பூம் பந்தர்க்கீழ்' என்பது எனக்கும் தெரியும். இளங்கோவடிகள் ஆண்டாலும் வடசொல் வடசொல்தான்.

சென்னை, திங்கள் மாலை

> இளங்கோவடிகள் ஆண்டாலும் வடசொல் வடசொல்தான்.

ஐயா, இளங்கோவடிகளுக்குக் கிடைத்த சலுகை பாவம் ஒரு மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைக்காதா? போகட்டும், விதானத்துக்காக நான் வாதாடவில்லை. மேற்கட்டியில்தான் எனக்குப் பயம். இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சிலிருந்து, 'டீச்சர், கட்டி மேலே வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டாமா?' என்று ஒரு குரல் வரும். அன்றைய பாடம் அத்துடன் முடிந்தது. உட்கூரை என்று வைத்தால் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

தஞ்சாவூர், திங்கள் இரவு

மண்கட்டி, பனங்கட்டி என்றெல்லாம் தினம் சொல்கிறோம். அதைக் கேட்டு யாரும் மருத்துவரிடம் ஓடியதாகத் தெரியவில்லை. மாணவன் சிரிப்பான் என்று சொல்லை மாற்ற ஆரம்பித்தால் அகராதியில் பாதியை அடித்துவிட வேண்டியதுதான்.

நெல்லை, செவ்வாய் அதிகாலை

இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. இந்தச் சொல்தான் காரணம். கூரையின் உச்சியை முகடு என்கிறோம். முகம், முகப்பு, முகடு எல்லாம் முன்னும் மேலும் துருத்தி நிற்பவை. இதற்கு நேர் எதிராக அகம், அகடு. அகடு என்றால் உள்பக்கம், வயிறு. அப்படியானால் முகட்டின் அகடு, அதாவது முகட்டகடு! ஒரே சொல்லில் கூரையும் வந்துவிட்டது, உள்பக்கமும் வந்துவிட்டது. 'நெடிலோ டுயிர்த்தொடர்க் குற்றுக ரங்களுள் டறவொற் றிரட்டும்' என்ற நன்னூல் விதிப்படி டகரம் இரட்டித்திருக்கிறது, புணர்ச்சியிலும் பழுதில்லை. துணி தொங்கினால் அகடு தொங்குகிறது, வண்டிக்குத் தொந்தி விழுந்துவிட்டது என்றே சொல்லலாம். முகில் என்ற சொல்லையும் இதே வரிசையில் வைத்து நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன், தனியாக அனுப்புகிறேன்.

சென்னை, செவ்வாய் காலை

நான்கு பக்கமும் சுவையாக இருந்தன, நன்றி. ஆனால் முகடும் அகடும் எங்கள் பாடநூலில் ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டன. அலையின் மேடு முகடு, பள்ளம் அகடு. முகட்டகடு என்றால் பிள்ளைகள் அலைநீளம் கண்டுபிடிக்க உட்கார்ந்துவிடுவார்கள்.

யாழ்ப்பாணம், செவ்வாய் பிற்பகல்

எல்லாருக்கும் வணக்கம். மேற்கட்டி உங்களுக்கு ஏட்டுச் சொல்லாக இருக்கலாம், எங்கள் பக்கம் உயிரோடுதான் இருக்கிறது. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கூரைக்குக் கீழே வெள்ளை கட்டுவது இங்கே பழைய வழக்கம்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் ஒரு மொறிஸ் மைனர் நின்றது. இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்த வண்டி. பெற்றோல் தடைப்பட்ட காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின யாழ்ப்பாணத்துக் கார்களில் அதுவும் ஒன்று. அந்தக் கதையைத் தொடங்கினால் வெள்ளிக்கிழமை போய்விடும், விடுகிறேன். சொல்ல வந்தது இதுதான்: அதன் மேல்துணியை ஒருவரும் கூரைத் தகரத்தில் ஒட்டவில்லை. துணியின் மேற்பக்கத்தில் குறுக்காகக் குழாய் மாதிரித் தைத்து, அதற்குள் வளைந்த கம்பிகளைச் செருகி, பக்கத்துக்குப் பக்கம் இழுத்துக் கட்டியிருந்தது. ஆகவே மேற்கட்டி உவமை அல்ல, நடந்த வேலையையே சொல்லுகிறது.

மதுரை, செவ்வாய் இரவு

எனக்கு இலக்கணம் அவ்வளவாக வராது. முப்பது வருடமாக சீட் கவர் கடை வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்து ஐயா சொன்னது ஒரு வகை. பழைய அம்பாசிடர், பத்மினி வண்டிகளிலும் அதுதான். கம்பி மேல் நிற்கும் துணி அல்லது ரெக்சின். அது கெட்டால் தையல் விடும், கிழியும், ஓரத்தில் பசை போகும். பல வண்டிகளில் ஓரத்தை முன் கண்ணாடி ரப்பருக்கு அடியில் செருகி ஒட்டியிருப்பார்கள், கண்ணாடியைக் கழற்றாமல் வேலை நடக்காது. கழற்றும்போதே கம்பிகளுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வளைவு வேறு. மாற்றிப் போட்டால் துணி ஒரு பக்கம் சுருங்கும், ஒரு பக்கம் தொங்கும்.

அப்புறம் வந்த வண்டிகளில் கம்பி கிடையாது. கூரையின் வடிவத்துக்கே அழுத்திச் செய்த ஓர் அட்டை, அதன் மேல் துணி. துணியின் முதுகில் மெல்லிய ஸ்பாஞ்சு, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். கோவைத் தங்கச்சி கேட்கிற தொங்கல் பெரும்பாலும் இந்த வகையில்தான். எல்லாரும் பசை போய்விட்டது என்று நினைக்கிறார்கள். போவது பசை அல்ல, ஸ்பாஞ்சு. வெயிலில் நிறுத்தின காருக்குள் சூடு 60 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டிலும் ஈரக்காற்றிலும் ஸ்பாஞ்சு வருடக்கணக்கில் மக்கி மாவாகிவிடும். பிறகு துணிக்குப் பிடிமானமே இல்லை. அதனால்தான் ஊசி போட்டுப் பசை ஏற்றினாலும், குண்டூசி குத்தினாலும் நிற்காது. மாவின் மேல் எதை ஒட்டி என்ன?

சரியான வேலை என்றால் சன் வைசர், கைப்பிடி, உள் விளக்கு, தூண் பிளாஸ்டிக், ரப்பர் பீடிங் எல்லாம் கழற்றி அட்டையை மடங்காமல் வெளியே எடுக்க வேண்டும். பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிற வண்டியென்றால் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும், இதைப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். பழைய துணியை உரித்துவிட்டு, அட்டையில் ஒட்டியிருக்கிற ஸ்பாஞ்சுத் தூளை பிரஷ்ஷால் முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும். வேலையில் பாதி நேரம் இதற்கே போகும். முகமூடி இல்லாமல் செய்தால் மூன்று நாள் இருமல். புதுத் துணியைச் சுற்றிலும் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டி, பாதியை மடித்துவைத்து, சூடு தாங்கும் பசையை இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போக வேண்டும். குழிவான இடங்களில் இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் மறுபடி அங்கேதான் முதலில் தூக்கும்.

பெயர் எதுவானாலும் எனக்குச் சரிதான். ஆனால் இந்த இரண்டாவது வகையில் யாரும் எதையும் கட்டுவதில்லை. ஒட்டுகிறோம்.

நெல்லை, புதன் அதிகாலை

அப்படியானால் மேலொட்டி!

சென்னை, புதன் காலை

பசையையே ஒட்டி என்றும் சொல்கிறோமே. 'மேலொட்டியை ஒட்டியால் ஒட்டவும்' என்று பாடநூலில் வரும். வேண்டாம்.

கோவை, புதன் மதியம்

மதுரை அண்ணனுக்குப் பெரிய நன்றி, மூலநூலை விட உங்கள் கடிதம் தெளிவாக இருக்கிறது. இன்னும் இரண்டு சொல் வேண்டும். ஒன்று, துணி தொங்குவதற்குப் பெயர். தொய்வு என்று போட்டிருக்கிறேன். இன்னொன்று, கம்பி நுழைகிற அந்தத் தைத்த குழாய்.

தஞ்சாவூர், புதன் மாலை

தொய்வு மிக நன்று. புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் 'தொய்யா உலகத்து நுகர்ச்சியும் கூடும்' என்கிறான்.

சென்னை, புதன் மாலை

ரூஃப் லைனிங் தொங்காத உலகம் என்றால் சொர்க்கம்தான் ஐயா, ஒப்புக்கொள்கிறேன்.

தஞ்சாவூர், புதன் இரவு

கேலி வேண்டாம் அம்மா. அங்கே தொய்தல் என்பது வினை செய்தல், வினை செய்ய வேண்டாத மேலுலகம் என்று உரைகாரர்கள் பொருள் கொள்கிறார்கள். துணியின் தொய்வு வேறு, சோழனின் தொய்தல் வேறு. நான்தான் அவசரத்தில் இரண்டையும் சேர்த்துவிட்டேன். தொய்யில் (சங்ககாலப் பெண்கள் உடலில் எழுதிய கோலம்) பற்றி நெல்லை நண்பர் எழுதத் தொடங்கியிருந்தால், அன்புகூர்ந்து வெள்ளிக்குப் பிறகு அனுப்பட்டும்.

கோவை, வியாழன் காலை

குழாய்க்குச் சொல் கிடைத்துவிட்டது. அம்மா தையல் வேலை செய்கிறவர். படத்தைக் காட்டினேன். 'பாவாடைக்கு நாடாப் பட்டி அடிக்கிற மாதிரிதானே' என்று கேட்டுவிட்டுக் காஜா எடுக்கப் போய்விட்டார். ஆகவே கம்பிப்பட்டி. இதற்கு மறுப்பு இருந்தாலும் நான் கேட்கப்போவதில்லை.

முதல் சொல்லுக்குத்தான் இன்னும் முடிவில்லை. உட்கூரை, மேற்கட்டி இரண்டும் நிற்கின்றன.

நெல்லை, வியாழன் காலை

முகட்டகட்டை மீட்டுக்கொள்கிறேன், மனமில்லாமல். ஆனால் உட்கூரை என்றால் வீட்டில் அடிக்கிற ஃபால்ஸ் சீலிங் அல்லவா நினைவுக்கு வருகிறது?

மதுரை, வியாழன் மதியம்

அட்டையை உட்கூரை என்று வைத்துக்கொண்டால் என்ன? அது கூரைக்கு உள்ளே இருக்கிற இன்னொரு கூரைதானே. மேலே ஒட்டுகிறது உட்கூரைத் துணி. கடைக்கு வருகிறவர்கள் துணியை மட்டும் மாற்றணுமா, அட்டையும் போச்சா என்றுதான் கேட்பார்கள். பிரித்துச் சொல்ல வசதி.

யாழ்ப்பாணம், வியாழன் மாலை

அது சரியாகத்தான் படுகிறது. அப்போ அட்டை உள்ள வண்டிக்கு உட்கூரைத் துணி, கம்பி உள்ள வண்டிக்கு மேற்கட்டி என்று இரண்டையும் வைத்தால் என்ன? இரண்டும் இரண்டு வேலை.

கோவை, வியாழன் இரவு

எனக்கும் ஆசைதான். ஆனால் மூலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். பின்னிணைப்பில் ஒரு சொல்லுக்கு ஒரு கட்டம்தான், அட்டவணையைக் குலைத்தால் அச்சகத்தில் அடிக்க வருவார்கள். இதுவரை உட்கூரைத் துணிக்கு நான்கு பேர், மேற்கட்டிக்கு இரண்டு பேர். யாழ்ப்பாணத்து ஐயாவை இரண்டு பக்கமும் எண்ணியிருக்கிறேன். உட்கூரைத் துணி என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'ரூஃப் லைனிங் எனக் கடைகளில் வழங்குவது' என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

தஞ்சாவூர், வெள்ளி காலை

பெரும்பான்மை சொல்லும்போது நான் யார்? ஆனாலும் என் மறுப்பைப் பதிந்துவைக்கிறேன். கம்பிப்பட்டி வரும் பக்கத்தில் பேசப்படுவது பழைய அம்பாசிடர் வகை. அதில் உட்கூரையாக அட்டையே கிடையாது. இல்லாத உட்கூரைக்கு ஒரு துணியா? அந்த ஒரு பக்கத்திலாவது மேற்கட்டி என்று மாற்ற முடியுமா?

கோவை, வெள்ளி மாலை

ஐயா, நீங்கள் சொல்வது சரி. கோப்பு மூன்று மணிக்கே போய்விட்டது. மறுபதிப்பு வந்தால் பார்க்கலாம்.

மதுரை, சனி காலை

தஞ்சை ஐயாவுக்கு. வருத்தப்படாதீர்கள். கடை போர்டு வெளுத்துப்போய் அடுத்த வாரம் மாற்றுகிறேன். பழைய கார் வைத்திருக்கிறவர்கள்தான் இப்போது அதிகம் வருகிறார்கள். பெரிய எழுத்தில் மேற்கட்டி, அதற்குக் கீழே சின்னதாக ரூஃப் லைனிங் என்று எழுதலாமா? பெயிண்டர் எழுத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்கிறார், எண்ணிப் பார்த்தேன், உட்கூரைத் துணியை விட மேற்கட்டியில் இரண்டு எழுத்து மிச்சம்.

தஞ்சாவூர், சனி காலை

அவசியம் எழுதுங்கள் தம்பி. றகரத்துக்கும் டகரத்துக்கும் மேலே புள்ளி வைக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயிண்டர்கள் முதலில் விழுங்குவது அதைத்தான்.